பல்லுக்குப் பல் கணக்கு வேறு: அரசுச் செலவிலா, சொந்தச் செலவிலா?

பிரிட்டனில் 1948 ஜூலையில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது பல் சிகிச்சையும் முழுக்க இலவசம். பல்செட்டுக்காகக் கூட்டம் குவிந்தது. 1951-ல் பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க அரசு முடிவெடுக்க, அந்தச் சேவையை உருவாக்கிய அனூரின் பெவன் எதிர்ப்புத் தெரிவித்து அமைச்சரவையிலிருந்து விலகினார். அப்படியும் மறு ஆண்டே மற்றப் பல் சிகிச்சைகளுக்கும் கட்டணம் வந்துவிட்டது. அமெரிக்கா 1965-ல் முதியோருக்கான மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டத்தைச் சட்டமாக்கியபோது வழக்கமான பல் சிகிச்சையை வெளியே நிறுத்தியது. ஆஸ்திரேலியாவின் மெடிகேர் 1984-ல் வந்தபோதும் இதே கதைதான். அதே ஆண்டு இயற்றப்பட்ட கனடாவின் சுகாதாரச் சட்டம், மருத்துவமனையில் வைத்துச் செய்தே ஆகவேண்டிய பல் அறுவை சிகிச்சையை மட்டும் ஏற்றுக்கொண்டது.

இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் தாராளமாகச் செலவழிக்கும் அரசுகள்கூட வாய்க்கு வந்ததும் கையைச் சுருக்கிக்கொள்வதற்குக் காரணம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி சுமார் 350 கோடிப் பேருக்கு வாய் நோய் ஏதோ ஒன்று இருக்கிறது. போதாக்குறைக்கு, பல்லுக்குச் செய்த வேலை எதுவும் நிரந்தரமில்லை. சொத்தையை அடைத்த பில்லிங் தேயும், பெரிதாகும், ஒருநாள் ரூட் கேனல் (உள் நரம்பை எடுத்து வேர்க் கால்வாயை அடைப்பது) ஆகும், பிறகு கேப் என்ற உறை, பிறகு பிடுங்கல். ஒரே பல்லுக்கு ஆயுள் முழுக்கச் செலவு. ஆகவே அரசுப் பணம் புழங்கும் இடத்தில் எல்லாம் ஒரு கோடு கிழிக்கப்பட்டிருக்கும். இன்ன வயதுவரை, இன்ன வருமானம்வரை, இன்ன பல்வரை, இன்ன பொருள்வரை என்று.

அதனால்தான் "அரசா, தனியாரா?" என்று மொத்தமாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைப்பதில்லை. இந்தப் பல்லுக்கு, இந்த வேலைக்கு, கோடு எங்கே ஓடுகிறது என்று கேட்டால் கிடைக்கும். ஒரே வாயில் இரண்டு பற்களுக்கு இரண்டு விதமான பதில் வருவது சகஜம்.

பொதுவாகச் சொன்னால், அரசு சிகிச்சை இரண்டு முனைகளில் பலமானது. ஒரு முனையில் பரிசோதனை, எக்ஸ்ரே, எளிய பில்லிங், பல் எடுத்தல், குழந்தைகளுக்கான ஃபுளோரைடு பூச்சு. மறுமுனையில் தாடை எலும்பு முறிவு, வாய்ப் புற்றுநோய், கழுத்துவரை பரவும் சீழ், முழு மயக்கம் கொடுத்துச் செய்யவேண்டிய சிகிச்சை, ரத்தம் உறையாத நோய் உள்ளவருக்குப் பல் எடுப்பது. இந்த இரண்டாவது முனையில் தெருமுனைத் தனியார் கிளினிக், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், போட்டிக்கே வர முடியாது. தடுமாற்றம் நடுப்பகுதியில்தான்: கடைவாய்ப்பல் ரூட் கேனல், கேப், பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல்), பல் நிற பில்லிங், ஈறு நோய்க்கான நீண்ட சிகிச்சை, இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்).

கூலி எப்படியோ, வேலை அப்படி

பல் மருத்துவருக்குப் பணம் எந்த அலகில் போய்ச் சேருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், அங்கே எந்தச் சிகிச்சை எளிதாகக் கிடைக்கும், எது இழுத்தடிக்கப்படும் என்பது பாதி விளங்கிவிடும். மருத்துவரின் நேர்மையைச் சந்தேகிக்கத் தேவையில்லை. நேர்மையானவரையும் கணக்கு ஒரு பக்கமாகத் தள்ளும்.

இங்கிலாந்தில் 2006 ஏப்ரலில் வந்த ஒப்பந்தம் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் கூலி என்பதை விட்டுவிட்டு, ஒரு சிகிச்சைச் சுற்று முழுவதற்கும் 'யூனிட்' கணக்கில் பணம் தந்தார்கள். பரிசோதனை, எக்ஸ்ரே போன்ற முதல் படிக்கு 1 யூனிட். பில்லிங், ரூட் கேனல், பல் எடுத்தல் அடங்கிய இரண்டாம் படிக்கு 3. கேப், பல்செட், பிரிட்ஜ் அடங்கிய மூன்றாம் படிக்கு 12. ஒரு பல்லை அடைத்தாலும் 3 யூனிட். ஐந்து பல்லை அடைத்து, கடைவாய்ப்பல்லில் ஒன்றரை மணி நேரம் ரூட் கேனல் செய்தாலும் அதே 3. வாய் முழுக்கச் சொத்தையோடு வரும் புதிய நோயாளியைப் பார்க்க யாருக்கு மனம் வரும்? 2022 நவம்பரில்தான் இரண்டாம் படியை உடைத்தார்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பற்களில் பில்லிங் அல்லது பிடுங்கல் என்றால், அல்லது கடைவாய் அல்லாத பல்லில் ரூட் கேனல் என்றால் 5 யூனிட். கடைவாய்ப்பல் ரூட் கேனலுக்கு 7. நோயாளி கட்டும் கட்டணம் மட்டும் அப்படியே இருந்தது.

நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதே கணக்கு தலைகீழ். படிக் கட்டணத்தில் ஒரு பல்லுக்கும் ஆறு பல்லுக்கும் ஒரே தொகை என்பதால், வேலை அதிகம் உள்ளவருக்கு அது பெரிய லாபம். ஒரே ஒரு சின்ன பில்லிங் தேவைப்படுபவருக்கு அவ்வளவு இல்லை. இப்படிப்பட்ட திட்டத்தில் இருப்பவர், தேவையான வேலைகளை எல்லாம் ஒரே சுற்றில் சேர்த்து முடித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். சுற்று முடிந்து இரண்டு மாதத்துக்குள் அதே படியிலோ கீழ்ப் படியிலோ இன்னொரு வேலை வந்தால் மறுபடி கட்ட வேண்டியதில்லை. பில்லிங், ரூட் கேனல், கேப் போன்றவை 12 மாதத்துக்குள் பழுதானால் செய்த இடத்திலேயே கட்டணமின்றிச் சரிசெய்து தரவேண்டும் என்ற விதியும் இருக்கிறது. தெரிந்து கேட்பவர்கள் குறைவு.

மற்ற முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வேலைக்கு இவ்வளவு என்று வாங்கும் தனியார் கிளினிக்கில் கணக்கு மருத்துவரை 'அதிகமாகச் செய்' என்று தள்ளும். தலைக்கு மாதம் இவ்வளவு என்று சந்தா வாங்கும் திட்டத்தில் 'குறைவாகச் செய்' என்று தள்ளும். மாதச் சம்பளம் வாங்கும் அரசு மருத்துவரைக் கணக்கு எந்தப் பக்கமும் தள்ளாது. வெளியே உட்கார்ந்திருக்கும் கூட்டம் தள்ளும். நீண்ட வேலையைத் தவிர்த்து, பத்து நிமிடத்தில் முடியும் பிடுங்கலை நோக்கி.

பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் தனி ரகம். மாணவர் செய்வார், ஒவ்வொரு கட்டத்திலும் பேராசிரியர் வந்து பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அடுத்த கட்டம். தனியாரில் இரண்டு முறை போய் முடிக்கும் வேலைக்கு இங்கே நாலைந்து முறை போகவேண்டி வரும். ஆனால் அவசரம் இருக்காது, குறுக்குவழி இருக்காது. முதுநிலை மாணவர் கையில் கிடைக்கும் ரூட் கேனல் பல தனியார் இடங்களைவிட நேர்த்தியாக இருக்கும். நேரம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு இதைவிட நல்ல பேரம் பல் மருத்துவத்தில் இல்லை.

கடைவாய்ப்பல் ரூட் கேனல்

அரசுக்கும் தனியாருக்கும் வித்தியாசம் துலங்கும் இடம் இதுதான். காரணம் கருவிகளைவிட நேரம்.

மேல் தாடையின் முதல் கடைவாய்ப்பல்லை எடுத்துக்கொள்வோம். வேர் மூன்று. ஆனால் கன்னப் பக்கத்து முன் வேரில் பெரும்பாலும் இரண்டு கால்வாய்கள் இருக்கும். இரண்டாவது மயிரிழை போன்றது, மேலே கால்சியம் படிந்து வாய் மூடிக் கிடக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியோ நுண்ணோக்கியோ வைத்து, நுனியால் மெல்லச் சுரண்டித் தேடினால்தான் அகப்படும். அதைத் தேடாமல் மூன்று கால்வாயோடு முடித்துவிட்டால் பல் சில மாதங்களோ சில வருடங்களோ சும்மா இருக்கும். பிறகு வேர் நுனியில் சீழ். "ரூட் கேனல் செய்த பல் மறுபடி வலிக்கிறது" என்ற புகாரில் கணிசமானவை இப்படித் தவறவிட்ட கால்வாயால் வருபவை.

வேலையின் வரிசை இது: மரத்துப்போக ஊசி, பல்லைத் தனிமைப்படுத்த ரப்பர் டேம் என்ற மெல்லிய ரப்பர் விரிப்பு, மேலிருந்து திறத்தல், கால்வாயின் நீளத்தை மின்கருவியாலும் எக்ஸ்ரேயாலும் அளத்தல், ஃபைல் என்ற ஊசி போன்ற அரம் போட்டு அகலப்படுத்துதல், இடையிடையே சோடியம் ஹைபோகுளோரைட்டால் கழுவுதல், உலர்த்துதல், கட்டாபெர்ச்சா ரப்பரும் சீலரும் வைத்து அடைத்தல், இறுதி எக்ஸ்ரே. இதில் கிருமியைக் கொல்வது ஃபைல் அல்ல, கழுவும் திரவம்தான். ஃபைல் போக முடியாத கிளைகளுக்குள்ளும் அது போகும். ஆனால் அது வேலை செய்ய நிமிடங்கள் வேண்டும், திரும்பத் திரும்பப் புதிதாக ஊற்றவேண்டும். இருபது நிமிட அப்பாயின்ட்மென்ட்டில் அதற்கு இடமில்லை. ரப்பர் டேம் போடாவிட்டால் எச்சில் உள்ளே இறங்கும். செய்த சுத்தம் அத்தனையும் வீண், திரவமோ ஃபைலோ தொண்டைக்குள் போகும் அபாயமும் சேர்ந்துகொள்ளும்.

எனவே எங்கே செய்துகொண்டாலும் கேட்கவேண்டியவை நான்கு. ரப்பர் டேம் போடுவீர்களா? இந்தப் பல்லில் எத்தனை கால்வாய் எதிர்பார்க்கிறீர்கள், எத்தனை கிடைத்தது? முடிந்ததும் எக்ஸ்ரே எடுத்துக் காட்டுவீர்களா? மேல் அடைப்பும் கேப்பும் யார், எப்போது வைப்பார்கள்? நாலுக்கும் தெளிவாகப் பதில் வந்தால் அது அரசு மருத்துவமனையாக இருந்தாலும் போகலாம். மழுப்பினால் தனியாராக இருந்தாலும் வேண்டாம். ஒற்றை வேர், நேரான கால்வாய் கொண்ட முன்பல்லுக்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. பெரும்பாலான அரசு மையங்களில் அது நன்றாகவே நடக்கும்.

இதற்கெல்லாம் முன்பே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பல் காப்பாற்றத் தகுந்ததா? சொத்தையை முழுக்க எடுத்த பிறகு, ஈறுக்கு மேலே சுற்றிலும் சுமார் 2 மில்லிமீட்டர் உயரத்துக்கு நல்ல பல்சுவர் மிஞ்ச வேண்டும். கேப்புக்குப் பிடிமானம் அந்தச் சுவர்தான். அது இல்லாத பல்லில் ரூட் கேனல், போஸ்ட் (வேருக்குள் இறக்கும் கம்பி), கேப் என்று அடுக்கினால், எங்கே செய்தாலும் பணம் நஷ்டம்தான். வேர் பிளக்கும் அல்லது கேப் கழன்றுகொண்டே இருக்கும். தனியாரில் "எடுத்துவிடலாம்" என்ற சொல் எளிதில் வராது. அரசில் "காப்பாற்றலாம்" என்ற சொல் எளிதில் வராது. எக்ஸ்ரேயைப் பார்த்து இரு பக்கமும் ஒரே கருத்தைச் சொன்னால் நம்பலாம்.

வெள்ளையா, உலோகமா

அரசுத் திட்டங்கள் பெரும்பாலும் முன்பல்லுக்கு ஒரு பொருள், கடைவாய்க்கு ஒரு பொருள் என்று பிரிக்கும். பிரான்ஸ் 2020-ல் கேப்புக்கும் பிரிட்ஜுக்கும் கொண்டுவந்த முழுச் செலவுத் திட்டத்தில், சிரித்தால் தெரியும் பற்களுக்குப் பல் நிறக் கேப், எந்தப் பல்லுக்கும் உலோகக் கேப் என்று பல் இருக்கும் இடத்தை வைத்தே வரம்பு போட்டார்கள். உலோகம் என்றதும் மட்டம் என்று நினைத்து, கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குக்கூடச் சொந்தப் பணம் போட்டு வெள்ளைக் கேப் வைத்துக்கொள்பவர்கள் ஏராளம். பல்லுக்கு அது நல்லதா என்பது வேறு விஷயம். முழு உலோகக் கேப் மெல்லியது. கடிக்கும் பரப்பில் சுமார் 1 மில்லிமீட்டர் சீவினால் போதும். உலோகத்தின் மேல் பீங்கான் வைத்த கேப்புக்கு ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர்வரை சீவவேண்டும். பல் குட்டையாக இருப்பவருக்கு, இரவில் பல்லை நறநறக்கும் பழக்கம் உள்ளவருக்கு, யார் கண்ணிலும் படாத இரண்டாம் கடைவாய்ப்பல்லில் உலோகமே மேல். அங்கே அரசு தருவதை வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தை வேறு பல்லுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

பில்லிங்கில் கதை மாறிக்கொண்டிருக்கிறது. பாதரசம் கலந்த வெள்ளி அடைப்பு பல காலம் அரசுத் திட்டங்களின் முதுகெலும்பாக இருந்தது: மலிவு, வேகம், சற்று ஈரமிருந்தாலும் தாங்கும், கடைவாயில் பத்து வருடம் சாதாரணமாக உழைக்கும். பாதரசத்தைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையின் தொடர்ச்சியாகப் பல நாடுகள் அதைக் கைவிட்டு வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல், மருத்துவக் காரணம் இருந்தாலொழிய, அதைத் தடைசெய்துவிட்டது. அதன் இடத்துக்கு வரும் காம்போசிட் என்ற பல் நிற அடைப்பு ஈரத்தைப் பொறுக்காது. 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றையும் நீல ஒளியில் இறுகவைக்க வேண்டும். அவசரத்தில் ஒரே அடியாகத் திணித்தால் சுருங்கும், ஓரத்தில் இடைவெளி விழும், கூச்சம் வரும், அடியில் புதுச் சொத்தை கிளம்பும். அதாவது பொருள் மாறியதால் வேலை நேரம் கூடியிருக்கிறது. அரசு தரும் கூலி கூடியிருக்கிறதா என்பதைப் பொறுத்தே தரம் அமையும். பெரிய கடைவாய் காம்போசிட் என்றால், எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள் என்று கேட்டு அதன்படி இடத்தைத் தேர்ந்தெடுப்பது சரி.

குழந்தைகளின் பால் பல்லுக்கு இந்தக் குழப்பம் தேவையில்லை. ஃபுளோரைடு பற்பசை, கிளாஸ் அயனோமர் சிமென்ட் என்ற அடைப்புப் பொருள், சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற பூச்சு மருந்து மூன்றையும் உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மூன்றுமே மலிவு, அரசு மையங்களுக்கு ஏற்றவை. கடைசியாகச் சொன்னது டிரில் இல்லாமலே சொத்தையை நிறுத்தும், ஆனால் சொத்தை இருந்த இடம் கருப்பாகிவிடும். அந்தக் கருப்புக்காக மட்டும் தனியாருக்குப் போகும் பெற்றோர் உண்டு. போகலாம்; ஆனால் சில ஆண்டுகளில் விழப்போகிற பல் அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு போகலாம்.

பல்லைச் சீராக்கும் கிளிப்புக்கும் இதுபோல் ஒரு கோடு உண்டு. இங்கிலாந்தில் ஒன்று முதல் ஐந்துவரை தேவை அளவுகோல் ஒன்று இருக்கிறது. மேல் முன்பல் கீழ்ப்பல்லைவிட 6 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தியிருந்தால் நான்காம் நிலை, 9-க்கு மேல் என்றால் ஐந்தாம் நிலை. 18 வயதுக்குள் இந்த நிலைகளில் இருந்தால் அரசுச் செலவு. லேசான கோணல் என்றால் சொந்தச் செலவு. அளவெடுத்துச் சொல்லும்படி கேட்பதில் தவறில்லை.

எஸ்டிமேட்டை வாசிப்பது

தனியார் கிளினிக்கில் கையில் தரும் தாளில் இப்படி ஒரு வரி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்: "46 – ரூட் கேனல், போஸ்ட், கோர், ஜிர்கோனியா கேப்."

46 என்பது வலது கீழ்த்தாடையில் நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது பல். முதல் எண் வாயின் கால்பகுதி (நோயாளியின் வலது மேல் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4), இரண்டாவது எண் பல்லின் வரிசை. கண்ணாடி முன் நின்று எண்ணி, வலிக்கிற பல் அதுதானா என்று பார்ப்பது முதல் வேலை. அடுத்து 'போஸ்ட்'. கடைவாய்ப்பல்லின் நடுக்குழி விசாலமானது. அடைப்பு அதிலேயே பிடித்துக்கொள்ளும், வேருக்குள் கம்பி இறக்கவேண்டிய அவசியம் பல நேரம் வராது. போஸ்ட்டுக்காக வேரைத் துளைப்பது வேரைப் பலவீனமாக்கும். முன்பல்லில் போஸ்ட் இருந்தால் புரிந்துகொள்ளலாம், 46-ல் இருந்தால் காரணம் கேட்கவேண்டும். 'கோர்' என்பது கேப்புக்கு அடியில் கட்டும் மேடை. ரூட் கேனல் கட்டணத்திலேயே அடங்கியதா, தனியா? ஜிர்கோனியா என்பது பல் நிறப் பீங்கான் வகை. கேப்பில், அதைச் செய்து தரும் லேப்பின் கட்டணம், தற்காலிகக் கேப், பொருத்திய பின் கடி சரிசெய்ய வரும் வருகைகள் சேர்ந்தவையா? எத்தனை வருட உத்தரவாதம்? அது லேப் தருகிறதா, கிளினிக் தருகிறதா? லேப் மட்டும் தருவதாக இருந்தால், கேப் இலவசமாக மாறும், வேலைக்கூலி உங்கள் தலையில்.

இந்த வரிக்குக் கீழே "14, 15, 24, 25 – பில்லிங்" என்று, இதுவரை வலியே தராத நாலு பல்லும் இருந்தால் அங்கே நிதானம் வேண்டும். பற்களைக் கடித்தபடி எடுக்கும் பைட்விங் எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லுங்கள். கருமை எனாமலுக்குள் மட்டும் நின்று, மேற்பரப்பு உடையாமல் இருந்தால் டிரில் தேவையில்லை. ஃபுளோரைடு, இடைப்பல் சுத்தம், சில மாதம் கழித்து மறு எக்ஸ்ரே. எனாமலுக்கு அடியில் உள்ள டென்டினுக்குள் இறங்கி, குழி விழுந்திருந்தால் அடைக்கவேண்டியதுதான். பள்ளங்களில் தெரியும் பழுப்புக் கோடு எல்லாம் சொத்தை அல்ல. புது இடத்துக்கு முதல்முறை போன அன்றே பில்லிங் பட்டியல் நீளமாக வந்தால், அரசு மருத்துவமனையில் ஒரு பரிசோதனைச் சீட்டு எடுத்து இரண்டாம் கருத்துக் கேட்பதைவிட மலிவான பாதுகாப்பு இல்லை. அங்கே உள்ளவருக்கு அந்த நாலு பல்லில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

ஈறு விஷயத்தில் பிசகு வேறு திசையில். 'கிளீனிங்' என்று பளபளவென்று பாலிஷ் செய்து அனுப்பிவிடுவார்கள். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பையின் ஆழத்தை அளந்திருக்க மாட்டார்கள். 3 மில்லிமீட்டர்வரை சாதாரணம். 4, 5 என்றால் அடியில் உள்ள காரையை எடுக்கவேண்டும். 6-க்கு மேல் என்றால் ஈறு நிபுணர் பார்ப்பது நல்லது. அளந்த எண்களை எழுதித் தரும் இடம் எதுவோ அதுவே நல்ல இடம்.

காப்பீடு எடுத்துத் தனியாருக்குப் போகிறவர்கள் நான்கு விதிகளைப் பார்த்தால் போதும்: பெரிய சிகிச்சைக்குக் காத்திருப்புக் காலம் எவ்வளவு, ஆண்டு உச்சவரம்பு எவ்வளவு, பாலிசிக்கு முன்பே விழுந்த பல்லுக்கு உண்டா, விலை குறைந்த மாற்றுச் சிகிச்சையின் அளவுக்கு மட்டும்தான் தருவார்களா. கடைசி விதிதான் பலரை இடறுகிறது. வெள்ளைக் கேப் வைத்துவிட்டு உலோகக் கேப்பின் தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

அரசுத் திட்டத்திலும் இப்படிப்பட்ட இடைவெளி உண்டு. கனடாவில் 2024 மே மாதம் சிகிச்சை தொடங்கிய தேசியப் பல் திட்டம், தனியார் பல் காப்பீடு இல்லாத, குடும்ப வருமானம் 90,000 டாலருக்குக் கீழ் உள்ளவர்களுக்கு. 70,000-க்குக் கீழ் என்றால் நோயாளியின் பங்கு இல்லை, அதற்கு மேல் 40 சதவீதம், 80,000-லிருந்து 60 சதவீதம். ஆனால் அந்தச் சதவீதம் அரசு நிர்ணயித்த கட்டணத்தின் மீது. கிளினிக்கின் கட்டணம் அதைவிட அதிகமானால் வித்தியாசம் தனியாக வரும். உட்காரும் முன்பே "திட்டம் தருவது போக என் பங்கு எவ்வளவு?" என்று கேட்டு எழுதி வாங்கவேண்டும்.

ஜெர்மனியில் அரசுக் காப்பீட்டில் இருப்பவர்களிடம் வருடாந்தரப் பரிசோதனைக்கு முத்திரை போடும் சிறு கையேடு ஒன்று இருக்கும். கேப், பிரிட்ஜ், பல்செட் தேவைப்படும்போது அடிப்படைச் சிகிச்சைச் செலவில் 60 சதவீதம் மானியம். ஐந்து ஆண்டு விடாமல் முத்திரை இருந்தால் 70, பத்து ஆண்டு இருந்தால் 75. வலி இல்லாத வருடத்தில் போய் வந்ததற்கு, பல் போகும் வருடத்தில் கிடைக்கும் வட்டி. ஒரே ஒரு வருடம் தவறினாலும் தொடர்ச்சி அறுந்துபோகக்கூடும்.

எது காத்திருக்கும், எது காத்திருக்காது

அரசு வரிசை நீளமாக இருக்கும்போது, வரிசையில் நிற்கும் பல் என்ன ஆகும் என்பதுதான் கணக்கு. விழுந்த பல்லின் இடத்தில் புதுப்பல் வைப்பது மாதக்கணக்கில் காத்திருக்கும். எதிர்ப்பல் இறங்குவதும் பக்கத்துப் பல் சாய்வதும் மெதுவாகத்தான் நடக்கும். எலும்பு கரைவது மட்டும் முதல் வருடத்தில் அதிகம் என்பதால், இம்பிளான்ட் எண்ணம் இருந்தால் ரொம்பவும் தள்ள வேண்டாம். அரசுச் செலவில் இம்பிளான்ட் கிடைப்பது அபூர்வம்: புற்றுநோய் அறுவைக்குப் பின், பெரிய விபத்துக்குப் பின், பிறவியிலேயே பல பற்கள் முளைக்காதவர்களுக்கு என்று ஒரு சிலருக்கே. இனிப்புக்கோ குளிர்ச்சிக்கோ பட்டென்று கூசி உடனே நின்றுவிடும் பல் சில வாரம் பொறுக்கும். குளிர்ந்த நீர் பட்டு அரை நிமிடத்துக்கு மேல் வலி நீடித்தால், அல்லது தூக்கத்திலிருந்து எழுப்பினால், உள் நரம்பு மீளாது; வரிசையில் நின்று அதைக் காப்பாற்ற முடியாது. அங்கே பணம் போட்டாவது விரைவில் திறந்து நரம்பை எடுக்கவைப்பது, பின்னால் ஆகும் செலவை மிச்சப்படுத்தும். நடுவில் ஆன்டிபயாட்டிக் வாங்கி ஓட்டுவது உதவாது. செத்துக்கொண்டிருக்கும் நரம்புக்குள் மருந்து போய்ச் சேரப் போதிய ரத்த ஓட்டம் இருக்காது.

முகம் வீங்கி, வாய் திறக்க முடியாமல், விழுங்கக் கஷ்டமாக, காய்ச்சலும் சேர்ந்தால் கிளினிக்குகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடாது. நாக்குக்கு அடியிலோ கழுத்துக்கோ கண்ணுக்கோ பரவும் வீக்கத்துக்குப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுதான் இடம்.

பாதி இங்கே, பாதி அங்கே

இரண்டையும் கலந்து பயன்படுத்துவது நல்ல உத்தி, ஒரு நிபந்தனையோடு: ஒரு பல்லின் வேலை ஒரே கையில் முடியவேண்டும். அரசு மையத்தில் திறந்துவிட்ட ரூட் கேனலைத் தனியாரில் முடிக்கச் சொன்னால், அவர் முதலிலிருந்துதான் தொடங்குவார். பின்னால் பழுதானால் இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். ரூட் கேனலை அரசிலும் கேப்பைத் தனியாரிலும் வைத்துக்கொள்வது நடைமுறையில் ஓடும். ஆனால் நடுவில் இருக்கும் தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கு மேல் தாங்காது. ஓரத்தில் கசிந்தால் உள்ளே எச்சில் இறங்கும். கடைவாய்ப்பல்லாக இருந்தால் மூடாத சுவர் கடியில் பிளந்துபோகும். கேப்புக்கான தேதியை உறுதி செய்துகொண்ட பிறகு ரூட் கேனலுக்கு உட்காருவது நல்லது.

மேலதிகப் பணம் கட்டி அரசு தரும் பொருளை உயர்த்திக்கொள்ளலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் அடிப்படை மானியத்தை வாங்கிக்கொண்டு வித்தியாசத்தை மட்டும் கட்டலாம். இங்கிலாந்தில் ஒரே சுற்றில் ஒரு பல்லுக்கு அரசுச் செலவு, இன்னொரு பல்லுக்குச் சொந்தச் செலவு என்று கலக்கலாம். ஆனால் ஒரே கேப்புக்குப் பாதி அரசு, பாதி நீங்கள் என்று பிரிக்க முடியாது. அப்படிக் கலக்கும்போது எது எந்தக் கணக்கு என்று எழுத்தில் தரவேண்டும். "அரசுக் கணக்கில் இது கிடைக்காது" என்று வாய்மொழியாகச் சொன்னால், திட்டத்தில் உண்மையிலேயே இல்லையா, இந்தக் கிளினிக் செய்ய விரும்பவில்லையா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். இரண்டுக்கும் பதில் வேறு வேறு. இரண்டாவது என்றால் வேறு மையத்தில் அதே சிகிச்சை கிடைக்கும்.

ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறும்போது எக்ஸ்ரே கோப்பு, ஈறு அளவு எண்கள், ரூட் கேனல் செய்திருந்தால் கால்வாய்களின் எண்ணிக்கையும் நீளமும், கேப்பின் பொருளும் பொருத்திய தேதியும் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். எக்ஸ்ரேயைத் திரையில் காட்டும்போது போனில் எடுத்த படம் போதாது. அசல் கோப்பையே மின்னஞ்சலில் கேட்கவேண்டும், மங்கலான படத்தில் எனாமலுக்கும் டென்டினுக்கும் நடுவே உள்ள எல்லை தெரியாது.